அடுக்களைக் கணக்கும் கணிப்பொறியும்

மனையியல் என்றதும் சமையலும் தையலும் நம் நினைவுக்கு வருகின்றன. கணிப்பொறி என்றதும் வங்கியும் அலுவலகமும் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பதால் என்ன பயன் என்பதைக் காண்போம்.

மனையியலை ஓர் அறிவியலாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் எல்லன் ரிச்சர்ட்ஸ் அம்மையார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1873-இல் பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே. குடிநீரையும் உணவுப் பொருள்களையும் சோதித்து, வேதியியலை வீட்டு நலனுக்குப் பயன்படுத்தினார். 1876 முதல், கல்லூரி செல்ல இயலாத பெண்களுக்கு அஞ்சல் வழியாக அறிவியலும் கற்பித்தார். எனவே மனையியலும் வாழ்நாள் கல்வியும் பழைய தோழியரே!

கணிப்பொறி அடுக்களைக்குள் நுழைய முதலில் செய்த முயற்சி வெற்றி பெறவில்லை. 1969-இல் ஹனிவெல் நிறுவனத்தின் 'சமையலறைக் கணிப்பொறி' விற்பனைக்கு வந்தது. விலை 10,600 டாலர்! சமையல் குறிப்பு ஒன்றைப் பெறுவதற்கு விசைகளைத் தள்ளி, விளக்குகள் எரிவதைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். அதை எந்த இல்லத்தரசியும் வாங்கியதாகத் தெரியவில்லை. சமையல் குறிப்புச் சொல்ல வீட்டில் பாட்டி இருக்கிறாரே!

உண்மையில் நமக்கு உதவுவது கணக்குத்தாள். 1979-இல் வந்த 'விசிகால்க்' இதற்கு முன்னோடி. இன்றைய 'எக்செல்' அதன் வழிவந்தது. பொருள், அளவு, விலை ஆகியவற்றைக் கட்டங்களில் எழுதினால் கணிப்பொறி பெருக்கிக் கூட்டித் தரும். மாதம் 4 லிட்டர் எண்ணெய், லிட்டர் 150 ரூபாய் என்று கொள்வோம். செலவு 600 ரூபாய். விலை 180 ஆனால் அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். 720 ரூபாய் என்று வந்துவிடும். மாதத்தின் மொத்தச் செலவும் உடனே மாறும்.

அந்த 120 ரூபாயை எதில் குறைப்பது? பல வீடுகளில் அம்மா தம் பங்குப் பாலையோ பருப்பையோ ஓசையின்றிக் குறைத்துக்கொள்கிறார். அது எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறுவதில்லை. இங்கேதான் மனையியல் பாடம் துணைக்கு வருகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் 528 உணவுகளின் சத்துகளை அட்டவணையாக வெளியிட்டது. அதைக் கொண்டு, வீட்டில் ஒவ்வொருவரும் உண்பதைத் தனித்தனி வரிசையில் எழுதிப் பார்க்கலாம். அப்போது அம்மாவின் தட்டில் உள்ள குறை எண்ணாகவே கண்ணில் படும். தீர்வும் தென்படும். தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். கேழ்வரகிலோ 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது.

ஆனால் கணிப்பொறிக்கு விவேகம் இல்லை. 4 லிட்டருக்குப் பதில் 40 என்று எழுதினாலும் பணிவாகப் பெருக்கும். பாட்டியின் மருந்துச் செலவுக்குச் சுழி போட்டாலும் மறுப்புச் சொல்லாது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அன்று அஞ்சலில் சென்ற பாடம் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம்' என்ற அரசுத் தளத்தில் எந்த வயதினரும் கட்டணமின்றிப் பாடம் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம் உண்டு. படிப்பைப் பாதியில் விட்ட அன்னையரும் மீண்டும் தொடங்கலாம்.

தோழியரே, இந்த மாதக் கணக்கை அம்மாவுடன் அமர்ந்து எழுதுவோம். கணக்குத்தாளை நாம் அவருக்குக் கற்பிப்போம். சிக்கனத்தை அவர் நமக்குக் கற்பிப்பார். அம்மாவின் பெயருக்கும் ஒரு வரிசை ஒதுக்க மறவாதிருப்போம்!