அடுப்பும் பொட்டலமும்

வீட்டிலே ஆக்கி உண்பது மேலா, கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து வெந்நீரில் இட்டு உண்பது மேலா என்னும் கேள்வி நம் நாட்டில் இப்பொழுது அடிக்கடி எழுகின்றது. இதற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராக நிற்கின்றனர். தாய்மார் சோம்பல் கொண்டனர், அம்மியும் உரலும் மூலையிற் கிடக்கின்றன, ஆதலின் நோய் மலிந்தது என்பர் ஒரு கட்சியார். காலம் மாறிற்று, வேலைக்குச் செல்லும் பெண் கோழி கூவுமுன் எழுந்து மாவரைக்க வேண்டுமோ என்பர் மற்றொரு கட்சியார். இரு சாரார் பேச்சிலும் சிறிது உண்மை உண்டு. ஆயினும் தீர்ப்புக்குரிய பிரச்சினையை இருவருமே தொடாமல் விட்டனர் என்பது நமது அபிப்பிராயம்.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள குயிலாப்பாளையத்தை நோக்குவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில்லுக்குச் செல்லும் வழியில், செம்மண் மேட்டின்மீது அமைந்த ஊர் அது. முந்திரியும், இப்பக்கத்தார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையும், கேழ்வரகும், கம்பும், வரகும் அம்மேட்டு நிலத்துக்கு இயல்பானவை. 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி ஆரோவில் தோன்றிய பின்னர் அவ்வட்டாரத்தின் வாழ்க்கை மாறத் தொடங்கிற்று. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆடவரும் பெண்டிரும் அங்குள்ள பட்டறைகளுக்கும் விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். குயிலாப்பாளையத்துச் சாலையில் ரொட்டிக் கடையும் உணவு விடுதிகளும் நிறைந்துவிட்டன. அதே ஆரோவில்லில், இங்கிலாந்திலிருந்து வந்து தமிழ் பேசக் கற்ற கிருஷ்ணா மெக்கன்ஸி 1996 முதல் ‘சாலிட்யூட்’ என்னும் பண்ணையை நடத்தி, அங்கே விளைவனவற்றைச் சமைத்து வருவோருக்குப் பரிமாறி, நாட்டு உணவின் பெருமையைத் தமிழிலேயே எடுத்துரைத்து வருகிறார். கடல் கடந்து வந்தவர் நம் வரகையும் கீரையையும் கொண்டாட, கூழ் குடித்து வளர்ந்தோரின் பேரக் குழந்தைகள் நம் நாட்டு ஊர்கள்தோறும் நூடுல்ஸ் பொட்டலத்துக்குக் கை நீட்டுகின்றனர். இதைக் கண்டு நகைப்பதால் பயனில்லை. காரணத்தை ஆராய்தலே தகும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சௌகரியத்தை விரும்புவது குற்றமன்று. நம் முன்னோரும் அதை விரும்பியவரே. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி வைத்துவிட்டால், மறுநாட் காலையில் அடுப்பு மூட்டாமலே மோர்விட்டுக் கரைத்து வெங்காயத்தோடு குடித்துவிட்டுக் கழனிக்குப் போகலாம். பழைய சோறும் அத்தகையதே. வடகம், வற்றல், ஊறுகாய், கருவாடு, வறுத்தரைத்த சத்துமாவு ஆகிய இவையெல்லாம் வேலை மிகுந்த நாளுக்காக முன்கூட்டிச் செய்துவைத்தவை அல்லவா? ஆகவே அவசர உணவு நமக்குப் புதியதன்று. அந்த அவசர உணவை யார், எதனால் செய்கிறார் என்பதே புதியது.

மேனாட்டிலும் பொட்டல உணவு பிறந்த வரலாறு சிந்திக்கத் தக்கது. 1880-களில் சுவிட்சர்லாந்தில் ஆலைகளில் உழைத்த பெண்களுக்கு அடுப்படியில் நிற்க அவகாசமில்லை. அவர்தம் குடும்பங்கள் போதிய ஆகாரமின்றி மெலிந்தன. அக்குறையைப் போக்க அந்நாட்டுப் பொதுநலச் சங்கத்தார் முயன்றபோது, ஜூலியஸ் மாகி என்னும் மாவாலை உரிமையாளர் பட்டாணி, அவரை முதலிய பருப்பு வகைகளை அரைத்து, விரைவில் வேகும் கஞ்சி மாவு செய்து விற்றார். ஏழைத் தொழிலாளிக்குச் சத்துணவு தருவதே அதன் நோக்கம். அவர் பெயர் தாங்கிய வியாபாரம் 1947-இல் நெஸ்லே கம்பெனியோடு இணைந்தது. 1958-இல் ஜப்பானியரான மோமொஃபுகு ஆண்டோ உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். 1983-இல் அவ்வகை நூடுல்ஸ் மாகியின் பெயரோடு, இரண்டே நிமிஷம் என்னும் வாக்குறுதியுடன் இந்தியாவுக்கு வந்தது. பருப்பு மாவாகப் பிறந்த பெயர், மைதாவும் எண்ணெயும் உப்பும் மிகுந்த பண்டத்தின்மீது ஒட்டிக்கொண்டது. பெண்ணின் அவகாசமின்மை என்ற குறை மட்டும் நூறாண்டுக்குப் பின்னும் அப்படியே நின்றது.

நிற்க. சௌகரியங்களில் நல்லதையும் தீயதையும் பகுத்தறிவது எப்படி? நம் நாட்டிலேயே இரண்டு இயந்திரங்கள் இதற்குச் சான்று கூறும்.

முதலாவது அரிசி ஆலை. உலக்கை பிடித்த கைகளுக்கு அது ஓய்வளித்தது மெய்யே. ஆனால் உமியோடு தவிட்டையும் சேர்த்துத் தீட்டி எடுத்துவிட்டது. தீட்டிய அரிசியை மட்டுமே உண்போரை பெரிபெரி என்னும் நோய் பற்றுவதற்கான காரணத்தை ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்தார். அதன்பொருட்டு 1929-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நம் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சியும் பெரிபெரியைப் பற்றியதே. அந்த நிலையமே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1934-இல் மகாத்மா காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நிறுவியபோது, தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பாவைத் துணைகொண்டு கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்ததன் கருத்து இதனால் விளங்கும்.

இரண்டாவது மாவரைக்கும் கிரைண்டர். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் அதைச் செய்தார். ஆட்டுக்கல்லின் முன் மணிக்கணக்கில் அமர்ந்து தோள் நோகச் சுழற்றிய பாடு ஒழிந்தது. ஆனால் அரிசியும் உளுந்தும் அவையாகவே இருந்தன. புளிப்பும் சுவையும் சத்தும் குன்றவில்லை. அந்த இட்டிலியைத் தாழ்ந்ததென்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டார்.

ஆகவே எந்தச் சௌகரியத்தையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: இது நம் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறதா, நம் உணவையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறதா? பாட்டை மட்டும் எடுப்பது கிரைண்டர். உணவையும் எடுப்பது பொட்டலம். தெருமுனையில் அன்றன்று அரைத்து விற்கும் தோசைமாவு முந்திய வகையைச் சேர்ந்தது. அதை வாங்கும் பெண்ணைப் பழிப்பது அநீதி. நிறமும் மணமும் செயற்கையாக ஏற்றி, மாதக்கணக்கில் கெடாதிருக்கும்படி ஆலையில் வார்த்தெடுத்த பண்டம் பிந்திய வகையைச் சேர்ந்தது.

இப்பாகுபாடு வெறும் மனப்போக்கன்று. பிரேசில் தேசத்துக் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-இல் உணவுகளைப் பதப்படுத்தும் அளவைக்கொண்டு வகுத்துக் காட்டினார். 2019-இல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்பார் 20 பேரை ஆராய்ச்சி நிலையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலை உணவும் இரண்டு வாரம் இயற்கை உணவும் அளித்தார். சர்க்கரை, கொழுப்பு, உப்பு முதலியன இருவகையிலும் சமமாகவே வைக்கப்பட்டன. வேண்டிய மட்டும் உண்ணலாம் என்பது ஏற்பாடு. ஆலை உணவு உண்ட நாட்களில் அவர்கள் தினமொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி மிகுதியாக உண்டனர்; எடையும் கூடிற்று. நம் ஊட்டச்சத்து நிறுவனத்தாரும் 2024-இல் வெளியிட்ட வழிமுறைகளில் அத்தகைய உணவைக் குறைக்குமாறு அறிவுறுத்தினர். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உடையோர் என்று 2023-இல் வெளிவந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கை நினைப்போர் இதை அலட்சியம் செய்ய முடியாது.

இழப்பு உடலோடு நிற்பதன்று. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. தீட்டிய அரிசியில் அதன் இருபதில் ஒரு பங்கும் இல்லை. அத்தகைய தானியத்தைக் களியாகவும் கூழாகவும் அடையாகவும் ஆக்கும் பக்குவம் ஏட்டில் எழுதி வைக்கப்பட்டதன்று. அது தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு வருவது. ஒரு தலைமுறை அதை விட்டால் மறு தலைமுறைக்குக் கேட்டறியவும் ஆளிராது. ஆக்குவார் இல்லையேல் வாங்குவார் இல்லை. வாங்குவார் இல்லையேல் விதைப்பாரும் இல்லை. அடுப்பை மறந்த ஊர் நாளடைவில் தன் நிலத்தையும் மறக்கும்.

இனி, பெண்டிர் அடுப்படிக்குத் திரும்புக என்று உபதேசித்து முடித்துவிடலாமா? அங்ஙனம் சொல்லுவோர் சர்க்காரின் கணக்கைச் சற்றுப் பார்க்கட்டும். 2024-ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிஷம் அதற்கென உழைக்கிறார். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் உழைப்பது 88 நிமிஷம். அந்த 88 நிமிஷத்தையும் தொடாத ஆடவர் அநேகர் இக்கணக்கிலேயே சேரவில்லை. காலையில் விடுதிக்கோ பட்டறைக்கோ சென்று மாலையில் திரும்பும் பெண்ணிடம், பொட்டலத்தை எறிந்துவிட்டுக் களி கிண்டு என்று கட்டளையிட நமக்கு என்ன பாத்தியதை உண்டு? அவள் பொட்டலத்தைப் பிரிப்பது சோம்பலால் அன்று. அவளோடு கூட நின்று வெங்காயம் நறுக்க வீட்டில் இன்னொரு கை எழாததால்தான். 2014-இல் பிரேசில் அரசாங்கம் தன் ஜனங்களுக்கு வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சமையல் வேலையை ஆண் பெண் இருபாலரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறிற்று. அத்தேசத்தார்க்கு அது வெட்கமாகப் படவில்லை.

பாட்டைப் பகிர்ந்தால் அடுப்பு பிழைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே நிரூபணம் உண்டு. வரகும் சாமையும் உமி கடினமானவை. குத்திப் புடைக்கும் சிரமத்துக்கு அஞ்சியே அநேகர் அவற்றைக் கைவிட்டனர். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கிராமங்களிலேயே சிறு உமிநீக்கும் இயந்திரங்களை அமைத்தபோது, அத்தானியங்கள் மீண்டும் பானைக்கு ஏற வழி பிறந்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25-இல் மாநிலமெங்குமுள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் அன்றன்று காலையில் சுடச்சுட ஆக்கப்பட்டன. கிராமங்களில் சமைத்தோர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அவ்வுழைப்புக்கு ஊதியமும் பெற்றனர். லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் பிஸ்கோத்துப் பொட்டலம் கொடுத்து முடித்துவிடாமல் அடுப்பு மூட்டிச் சமைக்க ஒரு மாநிலத்தால் இயலுமென்றால், நான்கு பேர் கொண்ட வீட்டில் இயலாது என்பது நம்பத்தக்கதா?

ஆரோவில்லில் சூரிய சமையற்கூடம் ஒன்று 1997 முதல் இருக்கிறது. 15 மீட்டர் அகலமுள்ள கண்ணாடிக் கிண்ணத்தால் வெயிலைத் திரட்டி நீராவியாக்கி நூற்றுக்கணக்கானோர்க்குச் சோறு ஆக்குவதற்கென அமைந்தது அது. குயிலாப்பாளையத்துக்கு அவ்வளவு பெரிய கண்ணாடி தேவையில்லை. வானூர் வட்டத்தில் ஊர்தோறும் ஓர் உமிநீக்கும் இயந்திரம், மகளிர் குழு நடத்தும் ஒரு கூழ்க்கடை, பள்ளியின் காலை உணவில் வாரம் ஒரு நாள் அம்மண்ணில் விளைந்த தானியம் ஆகிய இம்மூன்றும் பஞ்சாயத்தாராலும் சர்க்காராலும் இயலாத காரியங்கள் அல்ல.

எஞ்சியது வீட்டார் கடமை. ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொணர வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. இந்தப் பத்தியைப் படிக்கும் ஆடவர்களைத்தான் கேட்கிறோம். நாளைக் காலையில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குச் செல்லுங்கள், காய் நறுக்குங்கள், கூழ் துழாவக் கற்றுக்கொள்ளுங்கள், பக்குவம் தெரிந்த தாயார் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷத்தில் ஆகாது. அரை மணி ஆகும். அந்த அரை மணியை மனைவியோடும் மக்களோடும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் பொட்டலத்துக்கு வேலை இராது.