ஒரு பந்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள், தெரியுமா?

1,13,824 டாலர்! அவ்வளவு பணத்தைக் கொட்டி ஏலத்தில் எடுத்த ஒரு பேஸ்பால் பந்தை, 2004 பிப்ரவரியில், சிகாகோவில், ஊரைக் கூட்டி வைத்து வெடிவைத்துத் தூள் தூளாக்கினார்கள் என்றால் நம்புவீர்களா? ஏலத்தில் எடுத்தது ஏதோ கிறுக்குப் பணக்காரர் இல்லை. ஊரறிந்த ஓர் உணவகம். வெடித்ததோடு விட்டார்களா? அடுத்த ஆண்டு, மிச்சமிருந்த நூலையும் தோலையும் வேகவைத்து, அதிலிருந்து கிளம்பிய ஆவியைப் பிடித்து, ஸ்பகெட்டிக்கு ஊற்றும் சாஸில் கலந்து பரிமாறினார்கள். ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டார்கள்!

அந்தப் பந்து அப்படி என்ன பாவம் செய்தது?

அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். வசந்தத்தில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்தான். அதில் தேறும் 12 அணிகள் மட்டும் அக்டோபரில் பிளே ஆஃப் ஆடும். கடைசியில் மிஞ்சும் இரண்டும் வேர்ல்டு சீரிஸில் மோதும். ஆறு மாதம் கடலை கொறித்துக்கொண்டு சாவகாசமாக ஆட்டம் பார்த்தவர்களுக்கு அக்டோபர் பிறந்ததும் சாமி வந்துவிடும். அதற்குப் பிறகு ஆடுவது மைதானத்தில் இருப்பவர்கள் மட்டும் இல்லை. கேலரியும் சேர்ந்து ஆடும்!

2003 நிலவரப்படி, சிகாகோ கப்ஸ் அணி கடைசியாகக் கோப்பையை வென்றிருந்தது 1908இல். 1945 வேர்ல்டு சீரிஸுக்கு பில்லி சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் மர்ஃபி என்ற தன் வெள்ளாட்டையும் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டுக்கும் டிக்கெட் இருந்தது! இருந்தும் ரிக்லி மைதானத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். கடுப்பான ஆட்டுக்காரர் ‘இனி கப்ஸ் ஜெயிக்காது’ என்று சாபம் விட்டுப் போனதாகக் கதை. கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மதுக்கடை விளம்பரம் என்பது வேறு விஷயம். கப்ஸ் அந்த ஆண்டு தோற்றது. அதன்பின் 70 ஆண்டுகள் வேர்ல்டு சீரிஸ் வாசலைக்கூட மிதிக்கவில்லை!

2003 அக்டோபர் 14. வாசல் கண்ணுக்குத் தெரிகிறது. கப்ஸ் 3-0 என்று முன்னிலை, இன்னும் ஐந்தே அவுட் எடுத்தால் வேர்ல்டு சீரிஸ். இடதுபக்கக் கேலரியை ஒட்டி ஒரு ஃபவுல் பந்து இறங்குகிறது. கப்ஸ் வீரர் மொய்செஸ் அலூ கையை நீட்டித் துள்ளுகிறார். கேலரியிலிருந்தும் கைகள் நீளுகின்றன. ஒன்று அல்ல, பல கைகள்! பந்து பட்டது என்னவோ ஒரே ஒரு ரசிகரின் கையில். கேட்ச் போயிற்று. அதே இன்னிங்ஸில் எதிரணியான மார்லின்ஸ் எட்டு ரன் குவித்தது. மறுநாளும் கப்ஸ் தோற்று வீட்டுக்குப் போனது.

காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்த அந்த இளைஞர் மீது பீரையும் குப்பையையும் வீசினார்கள். காவலர்கள் அவரை மறைத்து வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் வீட்டுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. அவர் கப்ஸின் தீவிர ரசிகர் என்பதுதான் கொடுமை! அந்த இன்னிங்ஸிலேயே கப்ஸ் வீரர் ஒருவர் கைக்கு நேராக வந்த சுலபமான பந்தைத் தவறவிட்டாரே, அவர் மேல் யாராவது பீர் ஊற்றினார்களா? இல்லை. பாவம், பந்தும் அந்த இளைஞரும்தான் மாட்டிக்கொண்டார்கள். வெடிவைத்துத் தகர்த்தது அந்தப் பந்தைத்தான்.

சரி, சாபம் தீர்ந்ததா? 2016 நவம்பர் 2, கிளீவ்லாந்து, வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 6-6 சமநிலை. அப்போது பார்த்து மழை! 17 நிமிடம் ஆட்டம் நின்றது. மழை விட்டதும் பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று ஜெயித்தது. எத்தனை ஆண்டுக் காத்திருப்பு? 108! ஒரு பேஸ்பால் பந்தில் எத்தனை இரட்டைத் தையல் போடுகிறார்கள் தெரியுமா? அதுவும் 108! தேங்காய் உடைத்தாலும் பிள்ளையாரைச் சுற்றினாலும் 108 என்று கணக்கு வைக்கும் நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. சிகாகோக்காரர்கள் வாய் பிளந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். ரிக்லி மைதானத்தின் செங்கல் சுவரில் ரசிகர்கள் சாக்பீஸால் பெயர் எழுத ஆரம்பித்தார்கள். தங்கள் பெயர் இல்லை. இந்த வெற்றியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்த அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியின் பெயர்கள்! கைக்கு எட்டிய உயரம்வரை சுவரில் இடமில்லாமல் போனது. வட கரோலினாவிலிருந்து ஒருவர் காரிலேயே இண்டியானா வரை போய், அப்பாவின் கல்லறைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏழாவது ஆட்டத்தின் வர்ணனையை முழுக்கக் கேட்டார். கப்ஸ் எப்போது வேர்ல்டு சீரிஸுக்குப் போனாலும் சேர்ந்து கேட்பது என்று அப்பாவும் பிள்ளையும் பேசி வைத்திருந்தார்களாம். வெற்றி ஊர்வலத்துக்கு சிகாகோ நதியையே நீலச் சாயம் கலந்து நீலமாக்கினார்கள். கூட்டம் 50 லட்சம் என்றது நகர நிர்வாகம். அந்தக் கணக்கை நான் நம்பவில்லை. பாதி என்றாலே மலைப்புதான்! அடுத்த ஆண்டு கப்ஸ் நிர்வாகம், 2003இல் பந்தைத் தொட்ட அந்த ரசிகரையும் அழைத்து, வீரர்களுக்குக் கொடுத்த மாதிரியே ஒரு சாம்பியன் மோதிரத்தைக் கொடுத்தது.

இப்போது இன்னொரு கையைப் பாருங்கள். 1996 அக்டோபர் 9, நியூயார்க். யாங்கீஸ் வீரர் டெரெக் ஜெட்டர் அடித்த பந்து வலதுபக்கச் சுவரை நோக்கிப் போகிறது. பால்டிமோர் வீரர் டோனி டரஸ்கோ கேட்ச் பிடிக்கத் தயாராக நிற்கிறார். சுவருக்கு மேலிருந்து 12 வயதுப் பையன் ஒருவன் கையுறையை நீட்டிப் பந்தைக் கேலரிக்குள் இழுத்துவிட்டான்! அம்பயர் ரிச் கார்சியா ஹோம் ரன் என்று கை காட்டினார். ஆட்டம் 4-4 ஆனது, யாங்கீஸ் பதினொன்றாவது இன்னிங்ஸில் ஜெயித்தது. வீடியோவைப் பார்த்தபின் அது ஹோம் ரன் இல்லை என்று அம்பயரே ஒத்துக்கொண்டார். ஆனால் முடிவு மாறவில்லை. பையனுக்கு என்ன தண்டனை? டிவி நிகழ்ச்சிகளில் சிறப்பு விருந்தினர் நாற்காலி! சிகாகோவில் நீண்ட கைக்குப் போலீஸ் காவல், நியூயார்க்கில் நீண்ட கைக்குக் கைத்தட்டல். நியாயம் பேசிப் பயனில்லை, அக்டோபரில் ஜெயித்த பக்கம்தான் நியாயம். ஆனால் 2024இல் யாங்கீஸ் மைதானத்தில் இரண்டு ரசிகர்கள் டாட்ஜர்ஸ் வீரர் மூக்கி பெட்ஸின் கையையே பிடித்து முறுக்கிப் பந்தைப் பிடுங்கப் பார்த்தார்கள். இந்த முறை அம்பயர் அசரவில்லை, அவுட் கொடுத்தார். ரசிகர்கள் வெளியே!

1976இல் அதே யாங்கீஸ் ரசிகர்கள் செய்தது இதைவிடப் பெரிய கூத்து. கிறிஸ் சாம்ப்ளிஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து அணியை வேர்ல்டு சீரிஸுக்கு அனுப்புகிறார். அவர் பேஸ்களைச் சுற்றி ஓடி முடிப்பதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்துக்குள் குதித்துவிட்டார்கள். மனிதர் முட்டி மோதி, ஆட்களை இடித்துத் தள்ளி, உயிர் தப்பினால் போதும் என்று உள்ளே ஓடினார். ஹோம் பிளேட்டைத் தொடவில்லையே என்று பிறகு போலீஸ் துணையோடு திரும்பிப் போனால், தொடுவதற்கு ஹோம் பிளேட்டே இல்லை. பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்!

ரசிகர்களின் கோபத்தால் ஒரு வீரரை ஆட்டத்திலிருந்தே எடுக்க வேண்டி வந்தது தெரியுமா? 1934 வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டம், டெட்ராய்ட். சொந்த ஊர் அணி மண்ணைக் கவ்விக்கொண்டிருந்த எரிச்சலில், செயின்ட் லூயிஸ் வீரர் ஜோ மெட்விக் மீது பழங்களும் பாட்டில்களும் மழையாகப் பொழிந்தன. பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ் மெட்விக்கை வெளியே உட்காரச் சொன்னார். அவர் போயும் பயனில்லை. டெட்ராய்ட் 11-0 என்று தோற்றது.

பாஸ்டனில் 1912இல் நடந்தது வேறு மாதிரி. ‘ராயல் ரூட்டர்ஸ்’ என்று ஒரு ரசிகர் படை. தலைவர் மைக்கேல் மெக்கிரீவி, இவரும் மதுக்கடைக்காரர்தான். 1903இல் நடந்த முதல் வேர்ல்டு சீரிஸிலேயே ‘டெஸ்ஸி’ என்ற பாட்டின் வரிகளை மாற்றி, எதிரணியின் நட்சத்திரம் ஹோனஸ் வாக்னரைக் கிண்டலடித்துப் பாடியே பிட்ஸ்பர்க்கை வெறுப்பேற்றிய கூட்டம் இது. 1912 தொடரின் ஏழாவது ஆட்டத்துக்கு வாத்தியத்தோடு வந்து பார்த்தால், வழக்கமாக உட்காரும் இருக்கைகளை நிர்வாகம் வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டது! விடுவார்களா? மைதானத்துக்குள்ளேயே ஊர்வலம். குதிரைப் போலீஸ் வந்து தள்ளித்தான் அப்புறப்படுத்த முடிந்தது. அதுவரை காத்திருந்ததில் தங்கள் அணி பிட்சரின் கையே குளிர்ந்துபோக, முதல் இன்னிங்ஸிலேயே எதிரணிக்கு ஆறு ரன்! மறுநாள் தொடரைத் தீர்மானிக்கும் ஆட்டம். கோபத்தில் ஊரே புறக்கணித்தது. 32,000க்கும் மேல் வந்த மைதானத்துக்கு அன்று வந்தது சுமார் 17,000 பேர். பாஸ்டன் கோப்பையை வென்றதைப் பார்க்கப் பாஸ்டன்காரர்கள் பாதிப்பேர் இல்லை.

பிறகு அதே பாஸ்டன், பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்ற பாவத்துக்கு 86 ஆண்டுகள் கோப்பை இல்லாமல் தவித்ததும், சாபம் தீர ரசிகர்கள் செய்த பரிகாரங்களும் தனிப் புத்தகத்துக்கு ஆகும். ஒருவர் 2001இல் அணியின் தொப்பியை எவரெஸ்ட் உச்சியில் கொண்டுபோய் வைத்தார். அடிவார முகாமில் யாங்கீஸ் தொப்பியை எரித்தார்! ரூத் ஒரு குளத்தில் தள்ளிவிட்டதாகச் சொல்லப்படும் பியானோவைத் தேடி நீர்மூழ்கி வீரர்கள் இறங்கினார்கள். பியானோவைக் கரையேற்ற முடியவில்லை. ஆனாலும் 2004இல் கோப்பை கிடைத்தது, அதுவும் முழுச் சந்திர கிரகணத்தன்று!

சாபம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமா என்ன? 1985இல் ஜப்பானின் ஹான்ஷின் டைகர்ஸ் லீக் பட்டம் வென்றபோது ஒசாகாவில் ஒரு பாலத்தின் மேல் கூட்டம் கூடியது. ஒவ்வொரு வீரர் பெயராகக் கூவ, அந்த வீரர் சாயலில் இருக்கும் ரசிகர் டோதொன்போரி கால்வாயில் குதிக்க வேண்டும். நட்சத்திர வீரர் ராண்டி பாஸ் தாடி வைத்த அமெரிக்கர். அந்தச் சாயலுக்கு ஆள் எங்கே போவது? பக்கத்துக் கேஎஃப்சி கடை வாசலில் நின்ற தாடிக்காரக் கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கிக் கால்வாயில் வீசினார்கள்! அந்த ஆண்டு ஜப்பான் சீரிஸையும் வென்ற அணி, அதன்பின் வெல்லவே இல்லை. கர்னலின் சாபம் என்றார்கள். 2009இல் சேற்றிலிருந்து சிலை கிடைத்தது. இடது கையையும் கண்ணாடியையும் காணோம். சாபம் அதோடு தீரவில்லை. 2023இல்தான், 38 ஆண்டு கழித்து, மறுபடி ஜெயித்தார்கள். சிதிலமான சிலையை 2024இல் சடங்கு செய்து வழியனுப்பி வைத்தார்கள். ராண்டி பாஸ் என்ன ஆனார்? ஊருக்குத் திரும்பி ஒக்லஹோமா மாநிலத்தின் செனட்டர் ஆனார்!

சாபம் போலவே ராசியும் உண்டு. 2011இல் செயின்ட் லூயிஸ் ஆட்டத்தின் நடுவே ஓர் அணில் குறுக்கே ஓடியது. ரசிகர்கள் அதைக் குலதெய்வமாக்கிவிட்டார்கள். அணி கோப்பையை வென்றது. சாம்பியன் மோதிரத்தில் அணிலும் பொறிக்கப்பட்டது!

சிரிப்பை நிறுத்த வேண்டிய ஒரு நாளும் உண்டு. 1989 அக்டோபர் 17, மாலை 5.04. சான் ஃபிரான்சிஸ்கோவில் வேர்ல்டு சீரிஸின் மூன்றாவது ஆட்டம் தொடங்கும் நேரம், மைதானத்தில் 62,000 பேர். நிலம் குலுங்கியது, 6.9 அளவு. குலுங்கல் நின்றதும் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? உற்சாகமாகக் கத்தியது! பாலமும் நெடுஞ்சாலையும் இடிந்து விழுந்த செய்தி பிறகுதான் வந்தது. 63 பேர் இறந்தார்கள். வளைகுடாவின் இரண்டு கரை அணிகளும் மோதிய தொடர் என்பதால், பலர் வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சாலைகள் வழக்கமான நெரிசலில் இருந்திருந்தால் சாவு எங்கேயோ போயிருக்கும் என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்துத்தான் தொடர் மறுபடி நடந்தது.

முந்தைய ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் சீக்கிரம் கிளம்பியவர்கள் கதை வேறு. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்னால். இரண்டு காலும் பழுதான கிர்க் கிப்சன் நொண்டி நொண்டி வந்து அடித்த ஹோம் ரன், வேர்ல்டு சீரிஸ் வரலாற்றிலேயே புகழ்பெற்ற அடிகளில் ஒன்று. அந்த வீடியோவை எப்போதாவது பார்த்தால் பந்தைப் பார்க்காதீர்கள், கேலரிக்குப் பின்னால் பாருங்கள். கார் நிறுத்துமிடத்தில் சிவப்பு பிரேக் விளக்குகள் எரிகின்றன. நெரிசலுக்குத் தப்பி வீட்டுக்குக் கிளம்பிய புத்திசாலிகள்!

பார்க்காமல் போனவர்களில் மகா பயந்தாங்கொள்ளி யார் தெரியுமா? பாடகர் பிங் கிராஸ்பி! பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் பங்கு வைத்திருந்தவர். 1960இல் அணி வேர்ல்டு சீரிஸுக்கு வந்ததும், தான் பார்த்தால் ராசி கெட்டுவிடும் என்று பாரிஸுக்கே போய்விட்டார். அக்டோபர் 13, ஏழாவது ஆட்டம், 9-9 சமநிலை. பில் மசெரோஸ்கி அடித்த ஹோம் ரன்னில் நியூயார்க் யாங்கீஸ் வீழ்ந்தது. வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம் ஹோம் ரன்னோடு முடிந்தது அந்த ஒரு தடவைதான். அந்த மைதானத்தை இடித்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது, ஒரு துண்டுச் சுவர் இன்னும் நிற்கிறது. இன்றும் ஒவ்வோர் அக்டோபர் 13இலும் ரசிகர்கள் அந்தச் சுவர் முன்னால் கூடி, பழைய வானொலி வர்ணனையை முழுசாக ஓடவிட்டு, சரியாக 3.36க்கு ஹோம் ரன் வரும்போது இப்போதுதான் ஜெயித்த மாதிரி கத்துகிறார்கள்!

கிராஸ்பி பாரிஸில் வானொலியில் கேட்டுக்கொண்டார். ஜெயித்தால் பிறகு நிம்மதியாகப் பார்க்கலாம் என்று டிவி ஒளிபரப்பைப் படச்சுருளில் பிடித்து வைக்க ஏற்பாடு செய்திருந்தார். டிவி நிறுவனத்திடம் அந்த ஆட்டத்தின் பிரதி கிடையாது. தொலைந்தே போனது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2009இல் அவர் வீட்டு ஒயின் நிலவறையில் ஐந்து படச்சுருள்கள், ஆட்டம் முழுசாக! இன்றைக்கு அந்த ஆட்டத்தை யாராவது பார்க்க முடிகிறதென்றால், அதைப் பார்க்கப் பயந்து ஓடிய அந்த ஒரு ரசிகரால்தான்.