ஸர்உ: சொல்லும் நோயும்

அரபு மொழியில் ‘ஸர்உ’ என்னும் வேர்ச்சொல் கீழே வீழ்த்துதல் என்ற பொருளைத் தரும். மல்யுத்தத்தில் எதிரியை வீழ்த்துவதற்கும் அச்சொல்லே. மனிதனைத் திடீரெனத் தரையில் சாய்க்கும் வலிப்பு நோய்க்கும் அச்சொல்லே. ஸஹீஹுல் புகாரியில் நோயாளிகள் பற்றிய பாடத்தில் இது இடம்பெறுகிறது. வலிப்பினால் விழும்போது தம் ஆடை விலகிவிடுவதாகக் கறுப்பினப் பெண்மணி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு என்றும், விரும்பினால் குணமடைய துஆச் செய்வதாகவும் நாயகம் (ஸல்) கூறினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். அவ்வாறே துஆச் செய்யப்பட்டது. இவ்வறிவிப்பில் பழிச்சொல் ஒன்றுமில்லை; நோயாளியின் மானம் காக்கும் பரிவே இருக்கிறது.

இப்பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்திய நானே ஒருமுறை தவறினேன். துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டும் சகோதரர் ஒருவர், திருவொற்றியூரிலிருந்து தம் ஏழு வயது மகளை அழைத்து வந்தார். “பொறந்தப்பவே அழல ஹஜ்ரத். அடிக்கடி வலிப்பு வருது. ஓதிப் பாருங்க” என்றார். ஓதினேன்; தண்ணீரில் ஊதிக் கொடுத்தேன். மாத்திரை கொடுக்கிறீர்களா என்று கேட்கவில்லை. அதை அவர்கள் நிறுத்தியிருந்தனர். இரு வாரங்களில் நீண்ட வலிப்பு ஏற்பட்டு, அக்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டது. ஓதியது பிழையன்று, கேளாமல் விட்டது பிழை.

நம் முன்னோர் இவ்வாறு விட்டவர்களல்லர். அபூபக்ர் அர்ராஸீ குழந்தைகளின் நோய்களுக்கெனத் தனிச் சிறுநூல் எழுதினார். இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில் வலிப்பை மூளை சார்ந்த நோய்களோடு வைத்தே ஆராய்ந்தார். குழந்தைகளின் வலிப்புக்கு யூனானி மருத்துவம் வழங்கிய பெயர் ‘உம்முஸ் ஸிப்யான்’. மருத்துவர்களிடம் நோயின் பெயராக இருந்த அச்சொல், மக்களிடம் குழந்தைகளைப் பிடிக்கும் பெண் ஜின்னின் பெயராயிற்று.

‘பிறந்தபோது அழவில்லை’ என்ற தந்தையின் சொல்லில் நோயின் வேர் இருந்தது. பேறுகாலத்தில் சிசுவின் மூளைக்குப் பிராணவாயுவும் இரத்தமும் போதிய அளவு செல்லாவிடில் மூளை அணுக்கள் சேதமடைகின்றன. சில அணுக்கள் உடனே மடிகின்றன. வேறு சில, சற்றே தேறியபின் பல மணி நேரம் கழித்து மடிகின்றன. தப்பிய குழந்தைகள் சிலருக்குப் பிற்காலத்தில் வலிப்பும் கைகால் முடக்கமும் வரலாம். கடும் மஞ்சள் காமாலை, இரத்தத்தில் சர்க்கரைக் குறைவு, மூளைக் காய்ச்சல் ஆகியனவும் இத்தகைய கேட்டை விளைவிக்கக்கூடும்.

அந்த இடைவெளி மணிகளைப் பயன்படுத்தும் சிகிச்சையே குளிர்வித்தல். பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் சிசுவின் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 33.5 பாகை செல்சியஸுக்குத் தாழ்த்தி, 72 மணி நேரம் காப்பர். செல்வ நாடுகளில் இது பல உயிர்களைக் காத்தது. நம் பகுதிக்கும் பொருந்துமா என்றறிய, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதீன் தய்யில் தலைமையில் ‘ஹீலிக்ஸ்’ ஆய்வு நடந்தது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை 408 சிசுக்கள் சேர்க்கப்பட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையும் அவற்றில் அடங்கும்.

2021இல் வெளியான முடிவு அனைவரையும் சிந்திக்க வைத்தது. குளிர்விக்கப்பட்டோரில் 42 விழுக்காட்டினர் இறந்தனர். ஏனையோரில் 31 விழுக்காட்டினர். மரணமோ கடும் ஊனமோ என்ற கூட்டுக் கணக்கிலும் நன்மை காணப்படவில்லை. இச்சிசுக்களின் மூளைப் படங்களை ஆராய்ந்தோர், பலருக்குக் கேடு பிறப்பின் கடைசி நிமிடங்களில் அன்றி, அதற்கு முன்பே சிறுகச் சிறுக நேர்ந்திருக்கலாம் எனக் கருதுகின்றனர். அவ்வாறாயின் பிறந்தபின் குளிர்விப்பது காலங்கடந்ததாகிறது. ஓரிடத்தின் மருந்தை ஆராயாமல் ஈரிடத்துக்கும் பொதுவாக்கலாகாது என்பது ஒரு பாடம். பிரசவ வேளையில் சிசுவின் இதயத் துடிப்பை இடைவிடாது கவனிப்பதே முதற்காப்பு என்பது மற்றொரு பாடம்.

இராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பகுதித் தாய்மார்களுக்கு இராயபுரத்திலேயே ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. வலி கண்டதும் தாமதியாமல் செல்வது கடமை. குழந்தைக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் இரும்பைத் திணிப்பதும் வாயில் நீர் புகட்டுவதும் கூடா. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருத்துவர் கூறாமல் மாத்திரையை நிறுத்தலாகாது. முறையான மருந்தால் வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிமொழியே. இப்போதெல்லாம் குழந்தையை ஓதிப் பார்க்க அழைத்து வருவோரிடம், ஓதும் முன்பே மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.