பழைய சென்சாரிடம் பாடம் கேட்கும் புதிய சென்சார்

ஸ்மார்ட் வாட்சுக்குக் கண் கிடையாது. ஆனாலும் நீங்கள் நடந்தால் நடை என்றும், ஓடினால் ஓட்டம் என்றும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது. உள்ளே முடுக்கமானி என்றொரு சிறு சில்லு இருக்கிறது. மூன்று திசைகளிலும் வேகம் எப்படி மாறுகிறது என்பதை நொடிக்குப் பல முறை அளந்து எண்களாகக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அசையாமல் மேசைமேல் வைத்தாலும் புவியீர்ப்பின் 9.8 மீ/நொடி² என்ற அளவு அதில் தெரியும். அது எந்தத் திசையில் தெரிகிறது என்பதை வைத்துக் கருவி நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று கணக்கிடலாம். நடக்கத் தொடங்கினால் அடிக்கு அடி ஓர் ஏற்ற இறக்கம் வரும்.

இந்த எண்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, "இது நடை", "இது படியேறுதல்" என்று பெயர் ஒட்டிக் கணினிக்குப் பழக்குகிறார்கள். ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தாளும் தரவுத் தொகுப்பு ஒன்றில் 30 பேர் இடுப்பில் செல்போனைக் கட்டிக்கொண்டு ஆறு செயல்களைச் செய்து காட்டினார்கள். நொடிக்கு 50 அளவீடு, ஒவ்வொரு துண்டும் 2.56 நொடி நீளம். நடை, படியேறுதல் எல்லாம் எளிதாகப் பிடிபடுகின்றன. உட்கார்ந்திருப்பதையும் நிற்பதையும் பிரிப்பதில்தான் குழப்பம் வருகிறது. காரணம் எளிது: நின்றாலும் உட்கார்ந்தாலும் இடுப்பு ஏறக்குறைய நிமிர்ந்தே இருக்கிறது. அதே சென்சாரைத் தொடையில் கட்டினால் சிக்கல் தீர்ந்தது. உட்கார்ந்தால் தொடை படுத்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 30 பேரின் வயது 19 முதல் 48 வரை. எழுபது வயதுக்காரரின் நடையை அந்தத் தொகுப்பு பார்த்ததே இல்லை. இத்தகைய கருவி அதிகம் தேவைப்படுவதோ அவருக்குத்தான்.

உடம்பில் எதையும் கட்டாமல் வீட்டிலேயே சென்சார் வைப்பது இன்னொரு வழி. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு சிறு சுவிட்ச். கதவு திறந்தால் காந்தம் விலகும், சுவிட்ச் செய்தி அனுப்பும். அது சொல்வதில் ஐயத்துக்கு இடம் குறைவு. ஆனால் திறந்தது பாட்டியா பேரனா என்று அதற்குத் தெரியாது. கையில் கட்டிய கருவிக்கு ஆள் தெரியும். அந்த ஆள் தொட்டது ஃபிரிட்ஜா பீரோவா என்பதில்தான் தடுமாற்றம். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும்.

அப்படிச் சேர்த்துப் பார்த்த பெரிய முயற்சி, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த 'ஆப்பர்ச்சுனிட்டி' திட்டம். சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகமும் வேறு சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தின. சமையலறையோடு கூடிய சிறு வீடு போல அமைத்த ஓர் அறையில் உடம்பிலும் பொருள்களிலும் அறையிலுமாக 72 சென்சார்கள். பங்கேற்றவர்கள் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து, எந்திரத்தில் காபி போட்டு, சாண்ட்விச் செய்து சாப்பிட்டு, மேசையைத் துடைத்தார்கள். கூடவே ஃபிரிட்ஜையும் இழுப்பறைகளையும் திறந்து மூடும் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

இவ்வளவு சென்சாரை எந்த வீட்டிலும் மாட்ட முடியாது. திட்டத்தின் நோக்கமும் அதுவல்ல. ஆய்வுக்கூடத்தில் சென்சார் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். வீட்டில் வாட்ச் இடக்கையிலிருந்து வலக்கைக்குப் போகும். போன் சட்டைப் பையிலிருந்து கைப்பைக்குப் போகும். பேட்டரி தீரும், புதுக் கருவி வரும். இடம் மாறினால் எண்களும் மாறும், பழக்கியது வீணாகும். ஒவ்வொரு முறையும் ஆளை நிறுத்தி "இப்போது நடங்கள், இப்போது உட்காருங்கள்" என்று மறுபடி பழக்குவது நடக்கிற காரியமா? ஆகவே அந்த நேரத்தில் எந்த சென்சார் கிடைக்கிறதோ அதை வைத்து வேலை நடத்த வேண்டும் என்று தொடங்கினார்கள்.

அதில் பிறந்த உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு சென்சார் இன்னொன்றுக்குப் பாடம் சொல்வது. ஃபிரிட்ஜ் சுவிட்ச் "கதவு திறந்தது" என்கிறது. அதே நொடியில் மணிக்கட்டில் கட்டிய புதுக் கருவி கையின் அசைவைக் குறித்துக்கொள்கிறது. பல முறை இப்படிச் சேர்ந்து நடந்தபின், சுவிட்சைக் கழற்றிவிட்டாலும் அந்த அசைவை வைத்தே கருவி கண்டுகொள்ளும். நடுவில் யாரும் உட்கார்ந்து பெயர் ஒட்ட வேண்டியதில்லை. ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. பாட்டி கையில் கருவி, கதவைத் திறப்பது பேரன் என்றால், பாட்டி அரிசி புடைக்கும் அசைவைக் கருவி 'ஃபிரிட்ஜ் திறத்தல்' என்று கற்றுக்கொள்ளும். குருவின் பிழை சீடனுக்கும் வரும். ஆகவே இரண்டு மூன்று சென்சார்கள் ஒத்துப்போகும்போது மட்டுமே பாடத்தை ஏற்பது நல்லது.

எனவே கருவி வாங்கும்போது எத்தனை செயல்களைக் கண்டறியும் என்று பார்ப்பதைவிட, யாரை வைத்துச் சோதித்தார்கள், கட்டும் இடம் மாறினால் என்ன ஆகும், பதிவாகும் தகவல் எங்கே போகிறது என்று கேளுங்கள். பெற்றோருக்கு வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. ஆப்பிள் வாட்சில் கீழே விழுந்ததைக் கண்டறியும் வசதி, வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிவாகியிருந்தால் தானாகவே இயங்கும். வயது குறைவாகப் பதிவாகியிருந்தால் நாம்தான் அதை முழுநேரத்துக்கும் இயக்கிவைக்க வேண்டும். மகன் தன் பிறந்த தேதியைப் போட்டு அப்பா கையில் கட்டிவிட்ட வாட்ச் என்றால், இன்றைக்கே அந்தத் தேதியை மாற்றிவிடுங்கள்.