மரம் வெட்டக் கூலி ஏன் இவ்வளவு?

வீட்டு வளவில் நிற்கும் பெரிய மாமரம் கூரைப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரைக் கூப்பிட்டு விலை கேட்கின்றீர்கள். ஒருவர் கேட்பதைப் போல் இரண்டு மடங்கு மற்றவர் கேட்கின்றார். இருவர் கையிலும் இருப்பது ஒரே மாதிரி மெஷின்தான். நம்மில் பலர் குறைந்த விலைக்காரரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, மற்றவர் அநியாய இலாபம் பார்க்கின்றார் என்று பேசிக்கொள்வோம். அந்த இரண்டு விலைக்கும் இடையில் என்ன இருக்கின்றது என்பதே இவ்வார விடயம். வாளும் கயிறும் விற்கும் வியாபாரி என்ற வகையில் இத்தொழில் செய்வோரை அடிக்கடி காண்பவன் நான். லீசிங்கில் ஒரு லொறி எடுத்து இத்தொழிலில் இறங்கலாமா என்று யோசிக்கும் இளைஞர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

முதலில் மெஷின். 'செயின் சோ' என்று நாம் சொல்லும் சங்கிலி வாளில் பெயர்பெற்றவை இரண்டு. ஜேர்மனியின் ஸ்டில் கம்பனி 1926இல் ஆரம்பிக்கப்பட்டது. சுவீடனின் ஹஸ்க்வர்ணா 1689இல் துப்பாக்கி செய்யும் தொழிற்சாலையாகத் தொடங்கி, 1959இல்தான் சங்கிலி வாளுக்கு வந்தது. இவற்றோடு 52 சீசீ, 58 சீசீ என்று எழுதிய விலை குறைந்த சீன மெஷின்களும் சந்தையில் உண்டு. அவற்றை மோசம் என்று சொல்ல மாட்டேன். நிலத்தில் கிடக்கும் தென்னங்குற்றியைத் துண்டு போட அவை தாராளம். ஆனால் மரத்தின் மேல் ஏறி நிற்பவருக்கு அந்தப் பாரம் ஆகாது. அவருக்குத் தேவை 35 சீசீ அளவில், நாலு கிலோவுக்கு உட்பட்ட, கைப்பிடி மேலே அமைந்த சிறிய வாள். அடிமரத்தை அறுக்க 60, 70 சீசீயில் பெரியது ஒன்று வேண்டும். பாதி வெட்டிய மரம் அடுத்த வீட்டுக் கூரைக்கு மேல் தொங்கும்போது மெஷின் நின்றுபோனால் என்ன செய்வது? அதற்காக மூன்றாவது ஒன்றையும் லொறியில் வைத்திருப்பவரே ஒழுங்கான தொழில்காரர்.

மெஷினை வாங்கியதோடு செலவு முடிவதில்லை. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் டூ-டீ ஒயில் என்பது இன்றைய நல்ல மெஷின்களின் அளவு. ஒயில் கலக்காமல் ஒரு முறை ஓட்டினாலே பிஸ்டன் இறுகிவிடும். சங்கிலிக்கு ஊற்றும் ஒயில் வேறு. கழித்த எஞ்சின் ஒயிலை ஊற்றிச் சமாளிப்பவர்கள் நிறைய. அந்த ஒயிலில் உள்ள உலோகத் தூள் பாரையும் சங்கிலியையும் தின்றுவிடும் என்பது பிறகுதான் தெரியவரும். மண்ணில் ஒரு தரம் பட்டால் சங்கிலி மொட்டையாகிவிடும். அரம் போடத் தெரியாதவர் அதன் பின் வெட்டுவதில்லை, அழுத்துகின்றார். விபத்துக்குப் பாதி வழி அதுதான். பாரின் முனையின் மேற்பகுதி மரத்தில் முட்டினால் வாள் பின்னோக்கி எகிறி முகத்தை நோக்கி வரும். சங்கிலி பிரேக் என்ற ஒன்று மெஷினில் இருப்பது இதற்காகவே. கையை மறைக்கின்றது என்று அந்தப் பாகத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்களையும் கண்டிருக்கின்றேன்.

கடையில் நான் அதிகம் கேட்கும் வசனம் இது: "நானா, ஹெல்மெட்டைப் பொறகு பார்ப்போம். இப்ப மெஷினத் தாங்க." சங்கிலி செக்கனுக்கு 20 மீற்றருக்கு மேல் ஓடுகின்றது. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகம். சாரமும் ரப்பர் செருப்பும் அதற்கு முன் எம்மாத்திரம்? இதற்கென்றே ஒரு காற்சட்டை உண்டு. அதன் உள்ளே நீண்ட இழைகள் பல அடுக்காக வைக்கப்பட்டிருக்கும். வாள் பட்டவுடன் இழைகள் உருவிக்கொண்டு வந்து மெஷினின் பல்சக்கரத்தில் சுற்றி, கண்மூடித் திறப்பதற்குள் சங்கிலியை நிறுத்திவிடும். இங்கு அதைக் கேட்டு வருபவர் மிகக் குறைவு. நமது வெக்கையில் அதை உடுத்திக்கொண்டு வேலை செய்வது கஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஹெல்மெட்டுக்கும் காது மூடிக்கும் கண்ணாடிக்கும் வெக்கையைச் சாட்டாகச் சொல்ல முடியாது.

அடுத்தது கயிறு. உயிர் தொங்குவது இதில்தான். கொப்பு இழுக்கின்ற நைலோன் கயிற்றிலேயே ஆளும் தொங்குவது நமது ஊர் வழக்கம். முறையாகச் செய்பவர் ஏறுவதற்கு ஒரு கயிறு, கொப்பு இறக்குவதற்கு வேறொரு கயிறு என்று பிரித்தே வைத்திருப்பார். ஏறும் கயிறு 11 முதல் 13 மில்லிமீற்றர் தடிப்பில், 2,200 கிலோவுக்குக் குறையாத பாரம் தாங்கும் வகையில் செய்யப்பட்டது. மேலே வாளைப் பிடித்திருக்கும் போது இரண்டு இடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றை வாள் தவறுதலாக அறுத்துவிட்டாலும் மற்றது இருக்கும். இதனால்தான் இடுப்பைச் சுற்றிப் போடும் கயிற்றுக்குள் உருக்குக் கம்பி ஓடுவதை வாங்குகின்றார்கள். பிரித்தானியாவில் இத்தொழில் செய்பவரை 'மர சத்திர சிகிச்சையாளர்' என்ற பொருளில் அழைப்பார்கள். அங்கே 1998ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி ஏறும் சாமான்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். மரமேறும் எந்த வேலைக்கும் குறைந்தது இருவர் வேண்டும். கீழே நிற்பவர்களில் ஒருவராவது மேலே ஏறி, காயப்பட்டவரை இறக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நமது ஊரில் கீழே நிற்பவர் பெரும்பாலும் அன்றைக்குக் கூலிக்குப் பிடித்த பையன்.

இனி லொறி. இதில்தான் புதிதாக வருபவர்களின் கணக்குப் பிழைக்கின்றது. இரண்டடி குறுக்களவும் ஆறடி நீளமும் உள்ள ஒரு பச்சைக் குற்றி ஏறத்தாழ 500 கிலோ நிறுக்கும். இரண்டு தொன் ஏற்றும் சிறிய லொறிக்கு அப்படி நாலு குற்றி. கொப்புகளோ பாரமில்லை, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். அரை நாளில் வெட்டிய மரத்தை அள்ள முழு நாள் போவது இதனால்தான். வெளிநாடுகளில் கொப்பைத் துகளாக்கும் மெஷினை வாகனத்துக்குப் பின்னால் இழுத்துச் செல்கின்றார்கள். அது இல்லாதவர் நடை நடையாக டீசல் எரிக்க வேண்டும். கொட்டுவதற்கு இடமும் தேட வேண்டும். "வெட்டிப் போட்டுவிட்டுப் போவேன்" என்பதற்கு ஒரு விலை, "வளவைக் கூட்டித் தருவேன்" என்பதற்கு இன்னொரு விலை. விலை கேட்கும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கயிறு, சங்கிலி, பார் எல்லாமே இறக்குமதி என்பதையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமாகும்போது 360 ரூபாவைத் தொட்டது. கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. அப்போது பலர் முதலில் கைவிட்டது பழைய கயிற்றை மாற்றுவதைத்தான்.

பத்திர வேலையும் இருக்கின்றது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று நடக்க வேண்டும். மரக்குற்றியை வீதியில் ஏற்றிச் செல்வதற்கும் பல மரங்களுக்கு வன பரிபாலனத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். 2019இல் சங்கிலி வாள்களைப் பதிவு செய்யும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. ஆகவே பழைய மெஷின் வாங்குவோர் அதன் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். மின்கம்பி அருகில் என்றால் மின்சார சபைக்கு அறிவித்து, மின்சாரத்தை நிறுத்திய பின்புதான் வாளைத் தொட வேண்டும்.

மரத்தைச் சாய்ப்பதைவிட அதை வைத்துக்கொண்டு கொப்பை மட்டும் எடுப்பது கஷ்டமான வேலை. முதலில் அடியில் ஒரு வெட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலே ஒரு வெட்டு, கொப்பு விழுந்த பின் மிச்சத்தை அதன் கழுத்தோடு ஒரு வெட்டு. இப்படிச் செய்தால் பட்டை உரியாது, காயம் மூடும். உச்சியை மொட்டையடித்தால் அந்த இடத்தில் வரும் புதுக் கிளைகள் பலமின்றியே ஒட்டிக்கொண்டிருக்கும், சில வருடங்களில் காற்றுக்கு முறியும். 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மீது மரம் விழுந்து ஐந்து பேர் உயிரிழந்ததை நாம் பார்த்தோம். வேரும் அடிமரமும் உக்கியிருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கும் அந்தப் பார்வைக்கு ஒரு கூலி உண்டு.

கடைசியாக, நமக்கு வேலை செய்ய வந்தவர் விழுந்துவிட்டால்? 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொழில் கொடுப்பவரின் பொறுப்பைச் சொல்கின்றது. தன் ஆட்களுக்குக் காப்புறுதி எடுத்திருக்கும் கொந்தராத்துக்காரர் அந்தக் கட்டணத்தையும் விலையில் சேர்த்தே கேட்பார். எடுக்காதவர் கேட்க மாட்டார். அவருடைய ஆள் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் வீட்டுச் செலவும் மனைவி மக்கள் தலையில், இல்லாவிட்டால் உங்கள் வாசலில்.

விலையைப் பேசிக் குறைப்பது நமது வழக்கம், அதைத் தப்பென்று ஒரு வியாபாரியான நானே சொல்ல முடியாது. குறைப்பதானால் குற்றியை அவருக்கே விட்டுக்கொடுத்துக் குறையுங்கள், விறகைக் கழித்துக் குறையுங்கள், மழைக்கு முன் வேலை குறைந்த மாதத்தில் கூப்பிட்டுக் குறையுங்கள். காற்று அடித்து மரம் கூரையில் விழுந்த பிறகு கூப்பிட்டால் அன்றைய விலையை அவர்தான் சொல்வார்.