குப்பத்துக் கைப்பேசிக்கு ஏற்ற வகுப்பு

கல்விக்கென்றே இந்தியா ஏவிய முதல் செயற்கைக்கோளான எஜுசாட், 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவு அது. 2020இல் கொரோனா கல்லூரிகளை மூடியபோது, ஏரிக்கரைக் குப்பங்களின் மாணவர்களுக்கு மிஞ்சியது கைப்பேசிதான். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டின் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தவை சுமார் 15 சதவீதம், கணினி இருந்தவை 4 சதவீதம். தமிழக அரசு 2021 ஜனவரி முதல் நான்கு மாதங்களுக்குக் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டாவை இலவசமாக அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நேரலைக் காணொலி வகுப்பு மணிக்கு ஏறக்குறைய 1 ஜி.பி.யை விழுங்கும், மதியத்துக்குள் அன்றைய டேட்டா காலி.

டேட்டாவைக் கூட்டினாலும் நேரம் இடிக்கும். இங்கே எந்த இடத்தில் யார் எப்போது வலை போடலாம் என்பதைப் பாடு முறை வரையறுக்கிறது. காற்றும் நீரோட்டமும் மீதியை முடிவு செய்கின்றன. வீட்டின் ஒரே கைப்பேசி படகோடு போய்விட்டால், பத்து மணி வகுப்பு யாருக்காக? ஆகவே நேரலையை வாரம் ஒருமுறை சந்தேகம் தீர்க்க மட்டும் வைத்துக்கொண்டு, பாடத்தைச் சிறு ஒலிப்பதிவாகவும் இரண்டு பக்கக் குறிப்பாகவும் அனுப்புவதே பொருந்தும். பத்து நிமிடக் குரல்பதிவு சில எம்.பி.க்குள் அடங்கும், இரவிலும் கேட்கலாம். எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் 69 லட்சம் காணொலி அமர்வுகளை 2014இல் ஆராய்ந்தவர்களும், ஆறு நிமிடத்துக்குட்பட்ட காணொலிகளே கவனத்தைப் பிடித்து வைத்ததாகக் கண்டார்கள்.

பதிவை அனுப்பினால் யார் கேட்பார்கள் என்பது நியாயமான ஐயம். நேரலையில் பெயர் தெரிவதாலும் கவனம் உறுதியாகிவிடாது. வருகைப்பதிவை ஒவ்வொரு பதிவுக்கும் வரும் சிறு பதிலோடு இணைக்கலாம். அன்றைய இறால் ஏல விலை ஏன் இறங்கியது என்று பொருளியல் மாணவரையும், வலையில் விழுந்த மீன் வகைகள் எவை என்று விலங்கியல் மாணவரையும் கேட்டால், பார்த்து எழுதுவது கடினம். படிப்பும் கரையை விட்டு விலகாது. வலுவான எதிர்வாதம் ஆசிரியரின் பளு. அறுபது பேரின் பதிலை வாராவாரம் படிப்பது லேசான வேலையல்ல. பதிவுகளை மறு ஆண்டும் பயன்படுத்தலாம், துறைக்குள் பகிரலாம். ஆனால் பதில்களை யாராவது படித்தே ஆகவேண்டும். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வழிவிட்டிருக்கிறது. அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள், பதில் படிக்கும் மணிகளையும் பணிநேரமாகக் கணக்கிட வேண்டும்.