கறுப்புப் பாவாடையும் மாதுளம்பழமும்

அண்ணன் மகளுக்குப் பதினைந்து வயது. அனிமே என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இணைய விளையாட்டில் அவளுக்கென ஓர் அவதாரம் வைத்திருக்கிறாள்: குடைபோல் விரிந்த கறுப்புப் பாவாடை, கழுத்தை ஒட்டிய கறுப்பு லேஸ், சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளிறிய முகம், கையில் ஒரு மாதுளம்பழம். அண்ணியின் கண்ணில் கறுப்பு மட்டும்தான் பட்டது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஏண்டி எழவு வீட்டுக்காரி மாதிரி?" என்றார். திட்டு பொம்மைக்குத்தான்.

"அது பெர்செஃபனி, சித்தப்பா. பாதாள ராணி" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அந்த உடுப்பு டோக்கியோ சரக்கு. 'கோதிக் லோலிட்டா' என்பார்கள். விக்டோரியா காலத்துக் குழந்தைகளின் சட்டையும் துக்கவீட்டுக் கறுப்பும் கலந்த பாணி. ஹராஜுகு வட்டாரத்தில் இளம்பெண்கள் இதை அணிந்து கூடினார்கள். மாலிஸ் மிஸேர் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் மனா, 1999இல் இதற்கென்றே ஓர் உடை நிறுவனம் தொடங்கினார். 'டெத் நோட்' அனிமேயில் வரும் மிசாவின் அலமாரியிலும் இந்தச் சாயல் உண்டு.

பாதாளம் அண்ணன் மகளுக்கு வந்தது 'செயின்ட் செய்யா' வழியாக. மசாமி குருமாடா 1986 முதல் 1990 வரை எழுதி வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை அது. அதன் கடைசிப் பகுதியில் வில்லன் ஹேடீஸ். அவனுக்கு 108 படைவீரர்கள்; அந்த எண் ஒரு பழைய சீன நாவலிலிருந்து வந்தது. உறைபனி நரகம் இத்தாலியக் கவிஞர் தாந்தேயிடம் வாங்கியது. கிரேக்கர்களின் மூன்று பாதாள நீதிபதிகளில் ஒருவரான ஐயாகஸுக்குக் கருடன் வடிவில் கவசம்! கதம்ப சாதம்தான், ஆனால் ருசியான கதம்பம். ஹேடீஸ் குடியேறத் தேர்ந்தெடுக்கும் உடல், சண்டையே பிடிக்காத ஷூன் என்ற சாதுப் பையனுடையது. அங்கேதான் இவள் விழுந்திருக்கிறாள்.

கிரேக்க மூலத்தில் ஹேடீஸ் வில்லனே அல்ல. அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை நடந்தது. சீட்டுக் குலுக்கியதில் ஜீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், மூத்தவனுக்குப் பாதாளம். பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சி, 'செல்வன்' என்று பொருள்படும் புளூட்டோன் என்ற பெயரால் அழைத்தார்கள். விளைச்சலும் உலோகமும் மண்ணுக்கடியிலிருந்துதானே வருகின்றன.

ஆனால் அவன் செய்த ஒரு காரியம் மன்னிக்கத் தக்கதல்ல. பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செஃபனியைப் பூமி பிளந்து தேரில் தூக்கிப் போனான். தாய் டெமீட்டர் துக்கத்தில் விதைகளை முளைக்கவிடவில்லை, ஊரே பட்டினி. ஜீயஸ் தூது அனுப்பி மகளை மீட்டார். ஆனால் புறப்படும் முன் ஹேடீஸ் கொடுத்த மாதுளை விதையை அவள் தின்றுவிட்டாள். பாதாளத்தில் உண்டவர் முழுசாகத் திரும்ப முடியாது. ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கீழே, மீதி மேலே என்று தீர்ப்பானது. "தூக்கிட்டுப் போனாங்க. ஆனா கடைசியில அங்க இவளும் அதிகாரம் பண்றா" என்றாள் அண்ணன் மகள். ஹோமரின் ஒடிஸியிலும் பெர்செஃபனி அப்படித்தான் வருகிறாள்: எல்லோரும் அஞ்சும் ராணியாக.

ஜப்பானியர் தங்கள் பாதாளத்தையும் விடவில்லை. 2005இல் வந்த 'ஜிகோகு ஷோஜோ' தொடரின் நாயகி என்மா ஆய், தண்டிக்கப்பட்டவர்களைப் படகில் ஏற்றி நரகத்துக்குக் கொண்டு போவாள். அந்த என்மா யார்? பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போன நம் யமன்தான். கிரேக்கப் படகோட்டி கேரனுக்குக் கூலியாகப் பிணத்தின் வாயில் ஒரு காசு வைத்தார்கள். ஜப்பானில் சான்ஸு ஆற்றைக் கடக்க ஆறு காசு. நம் ஊரில் பிணத்தின் நெற்றியில் ஒட்டும் காசு எதற்கு என்று அண்ணன் மகள் கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவதாரம் என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான். 1980களில் கணினி விளையாட்டு செய்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இறங்கி வருதல் என்று பொருள். அண்ணியிடம் இதைச் சொன்னேன். "இறங்கட்டும், மஞ்சள் பாவாடையில இறங்கட்டும்" என்றார்.

'செயின்ட் செய்யா'வின் ஹேடீஸ் பகுதியை அனிமேயாக 31 பாகங்களில் எடுத்து முடிக்க 2002 முதல் 2008 வரை ஆயிற்று. அவள் கோடை விடுமுறையில் நான்கு நாளில் பார்த்துவிட்டாள். நான் இப்போது ஏழாவதில் இருக்கிறேன்.